கேட்டவர்களுக்கு: தோர்ணக்கல் பிஷப் அசரியா

இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த ஆங்கிலிக்கன் சபையில் பிஷப்பான முதல் இந்தியர் வி.எஸ். அசரியா. தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கலுக்கு அவர் பிஷப்பாக அபிஷேகம் பெற்றது 1912 டிசம்பர் 29. மறைந்தது 1945 ஜனவரி 1. இரண்டு நாளும் ஒட்டி வருவதால் ஆண்டுக் கடைசியில் அவரைப் பற்றிய கேள்விகள் குவிகின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு, கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். பிஷப், அத்தியட்சர், பேராயர் மூன்றும் ஒரே பதவிதான். திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர்கள் அத்தியட்சர் என்பார்கள். தென்னிந்தியத் திருச்சபையில் இன்று பேராயர். இங்கே பிஷப் என்றே வைத்துக்கொள்வோம்.

ஆங்கிலிக்கன் சபையில் ஒருவர் பிஷப் ஆவது எப்படி? அசரியா குருப்பட்டம் பெற்ற மூன்றாம் வருஷமே பிஷப் ஆனாராமே, அதற்கு விதி இடம் தருகிறதா? (வாசகர், நாசரேத்)

தருகிறது. படிகள் மூன்று: டீக்கன் என்ற உதவிகுரு, பிறகு குரு, பிறகு பிஷப். சபையின் வழிபாட்டு நூலான 1662ஆம் ஆண்டு ஜெபபுத்தகத்தின் கணக்கில் டீக்கனுக்கு 23 வயது, குருவுக்கு 24, பிஷப்புக்கு 30 நிரம்பியிருக்க வேண்டும். குருவாக இத்தனை வருஷம் இருந்தவர்தான் பிஷப் ஆகலாம் என்ற நிபந்தனை அதில் இல்லை. அசரியா பிறந்தது 1874 ஆகஸ்ட் 17. 1909இல் குருப்பட்டம் பெற்றார், அபிஷேகத்தின்போது வயது 38.

அந்த மூன்று வருஷத்தை மட்டும் பார்த்தால் அவசர நியமனம் போலத் தோன்றும். அதற்கு முன்னால் 1895 முதல் 1909 வரை ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராகத் தென்னிந்தியா முழுக்க ரயிலில் சுற்றியவர் அவர். கூட்டம் கூட்டுவது, கணக்கு வைப்பது, சண்டை தீர்ப்பது, இரண்டு மொழியில் பேசுவது என்று ஒரு பிஷப்புக்குத் தேவையான பாதித் தொழில் அங்கேயே கைவந்துவிட்டது. பட்டப்படிப்பு முடிக்கவில்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். தேர்வு நேரத்தில் உடல்நலம் கெட்டுப்போனது. அவர் பெயருக்குப் பின்னால் வரும் ‘டாக்டர்’ 1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தந்த கௌரவப் பட்டம். சில வாழ்க்கைக் குறிப்புகள் ‘கேம்பிரிட்ஜில் படித்தவர்’ என்று எழுதிவிடுகின்றன. அது தவறு.

அபிஷேக ஆராதனையைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஜெபபுத்தக முறைப்படி, தெரிந்தெடுக்கப்பட்டவர் ரோச்செட் என்ற வெள்ளை அங்கியை மட்டும் போட்டுக்கொண்டு வருவார். இரண்டு பிஷப்புகள் அவரைப் பேராயத் தலைவரான தலைமை பிஷப்பிடம் கொண்டுவந்து நிறுத்துவார்கள். உறுதிமொழி, நீண்ட வேண்டுதல், கேள்வி பதில். அதன் பிறகுதான் பிஷப்புக்குரிய மிச்ச உடைகள். பரிசுத்த ஆவியை அழைக்கும் பாட்டு முடிந்ததும் அவர் முழங்காலில் நிற்க, வந்திருக்கும் பிஷப்புகள் எல்லாரும் தலைமேல் கைவைப்பார்கள். கடைசியில் கையில் வேதாகமம். சபை மரபுப்படி மூன்று பிஷப்புகளாவது கைவைக்க வேண்டும். ஒருவருடைய அபிஷேகத்தில் ஏதோ குறை இருந்ததாகப் பின்னால் தெரியவந்தாலும், அப்போஸ்தலர் காலத்திலிருந்து கைமேல் கையாக வரும் சங்கிலி அறுந்துபோகாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. அசரியாவுக்கு இது நடந்தது கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில்.

கால்டுவெல் திருநெல்வேலியின் முதல் பிஷப் என்று பள்ளியில் படித்தோம். பிறகு எப்படி அசரியாவை ‘முதல்’ என்கிறீர்கள்? (வாசகி, சாயர்புரம்)

இரண்டு குழப்பம் இதில் கலந்திருக்கிறது. கால்டுவெல் அயர்லாந்தில் பிறந்தவர். 1877 மார்ச் 11 அன்று கல்கத்தாவில் அவரும் எட்வர்ட் சார்ஜெண்டும் சேர்ந்து அபிஷேகம் பெற்றார்கள். இருவரும் மெட்ராஸ் பிஷப்புக்கு உதவி பிஷப்புகள். எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். என்ற இரண்டு ஆங்கிலேய மிஷனெரி சங்கங்களில், எஸ்.பி.ஜி. சபைகளுக்கு கால்டுவெல், சி.எம்.எஸ். சபைகளுக்கு சார்ஜெண்ட் என்று ஒரே ஜில்லாவை சங்கவாரியாகப் பிரித்துக்கொண்டார்கள். திருநெல்வேலி தனித் திருமண்டலமானது, அதாவது தனி பிஷப்பின் நிர்வாகப் பகுதியானது, 1896இல். அதன் முதல் பிஷப் சாமுவேல் மார்லி. அசரியா, ஆங்கிலிக்கன் சபையில் பிஷப்பான முதல் இந்தியர். அவர் சாகும்வரை ஒரு மண்டலத்தின் முழுப் பொறுப்பில் இருந்த வேறு இந்தியர் கிடையாது. முப்பத்திரண்டு வருஷம்! முதல்வராக இருந்ததைக் கொண்டாடும்போது, இரண்டாமவர் ஏன் வரவில்லை என்றும் யாராவது கேட்க வேண்டும்.

உலக அளவில் அவருக்கு முன்னோடி நைஜீரியாவின் சாமுவேல் அஜாயி குரௌதர், 1864இல் கேன்டர்பரியில் அபிஷேகம் பெற்றவர்.

வெள்ளாளன்விளையில் பிறந்த தமிழரை எதற்கு தெலுங்கு தேசத்துக்கு, அதுவும் நிஜாம் ராஜ்யத்துக்கு பிஷப்பாக அனுப்பினார்கள்? (வாசகர், மதுரை)

யாரும் அனுப்பவில்லை என்பதில்தான் இந்தக் கதையின் சுவாரசியமே. பிஷப் பதவிக்கு முன்பே அங்கே திருநெல்வேலிப் பணம் போயிருந்தது.

1902இல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த சிறிய சபையின் மாணவர்கள் ஒரு மிஷனெரி சங்கம் வைத்து, கடலுக்கு இந்தப் பக்கம் தொண்டியில் வேலை நடத்திக்கொண்டிருந்தார்கள். ஈழத்துப் பிள்ளைகள் நம் கரைக்கு ஆள் அனுப்புகிறார்கள், அவர்களைவிடப் பல மடங்கு பெரிய திருநெல்வேலிச் சபை ஒருவரையும் வெளியே அனுப்பவில்லை. இந்த வெட்கத்தில் பிறந்ததுதான் 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம். கொள்கை மூன்று சொல்: இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம். லண்டன் காசு ஒரு பைசாவும் வேண்டாம். ஏற்கெனவே வேறு மிஷன் இல்லாத இடமாகத் தேடியபோது நிஜாம் எல்லையில் தோர்ணக்கல் கிடைத்தது. சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கிளைப்பாதை பிரியும் ரயில் சந்திப்பு அது. இன்றைய தெலங்கானாவில் இருக்கிறது. 1909இல் அசரியாவே அங்கே மிஷனெரியாகக் குடும்பத்தோடு போனார், தெலுங்கு கற்றார்.

மெட்ராஸ் பிஷப் ஹென்றி ஒயிட்ஹெட்டுக்கு ஓர் இந்தியரை பிஷப்பாக்க வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தது. எதிர்ப்பு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. ஓர் இந்தியரின் கீழ் வேலை செய்வதா என்று மிஷனெரிகளில் ஒரு சாரார். நாடார் ஒருவரை அந்த நாற்காலியில் பார்க்க விரும்பாத நம்மவர்கள் இன்னொரு சாரார். தோர்ணக்கல் இதற்கு நல்ல வழியானது. புதிய இடம், சின்ன இடம், ஐரோப்பிய மிஷனெரி யாரும் அவருக்குக் கீழே வரமாட்டார். சோதனை ஓட்டம் என்று சொல்லலாம். 1920ஐ ஒட்டி கிருஷ்ணா, கோதாவரிப் பகுதிகளும் கர்நூல் பக்கமும் சேர்க்கப்பட்டு மண்டலம் பல மடங்கு பெருத்தது. அப்போதுதான் ஆங்கிலேய மிஷனெரிகள் அவருக்குக் கீழ் வந்தார்கள். சோதனை முடிந்துவிட்டது என்பதற்கு நியமன ஆணையைவிட இதுவே நல்ல சாட்சி.

எடின்பரோவில் அவர் வெள்ளைக்காரர்களைத் திட்டினார் என்கிறார்களே? (வாசகர், தூத்துக்குடி)

திட்டு என்றால் திட்டுதான், ஆனால் கைக்குட்டையில் சுற்றிய திட்டு. 1910 ஜூன், உலக மிஷனெரி மாநாடு. சுமார் 1,200 பிரதிநிதிகளில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. அயல்நாட்டு ஊழியரும் உள்ளூர் ஊழியரும் ஒத்துழைப்பது பற்றி அவரைப் பேசச் சொன்னார்கள். கைகுலுக்குவது, ஒரு மேஜையில் சாப்பிடுவது என்று அன்றாடச் சங்கதிகளைத் தொட்டுப் பேசினார். மிஷனெரிகளின் தியாகத்தை இந்தியச் சபை என்றும் மறக்காது என்று சொல்லிவிட்டு, 1 கொரிந்தியர் 13ஐ எடுத்தார். ஏழைகளுக்கு உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உடலைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், நண்பர்களைத் தாருங்கள். கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். அந்த அதிகாரத்தில் அடுத்த வரி ‘அன்பு எனக்கிராவிட்டால் எனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை’ என்பது வேதம் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். அதை அவர் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிஷப் என்றால் திடப்படுத்தல் ஆராதனைக்கு வருவார், கட்டடம் திறப்பார். அசரியா உண்மையில் தினமும் என்ன வேலை செய்தார்? (வாசகி, திருச்சி)

மாட்டுவண்டியும் கூடாரமும் இல்லாமல் அவர் வேலையை நினைத்துப் பார்க்க முடியாது. மண்டலத்தின் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா என்ற இரண்டு ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த கூலி விவசாயிகள். அவர்கள் தனித்தனியாக வரவில்லை, சேரி சேரியாக வந்தார்கள்.

ஒரு சேரி ‘நாங்கள் சேர்கிறோம்’ என்று சொன்னவுடன் ஞானஸ்நானம் கிடையாது. முதலில் ஓர் உபதேசியார், முடிந்தால் மனைவியோடு, அங்கே குடியேற வேண்டும். பகலில் எல்லாரும் வயலில் இருப்பதால் பாடம் இரவில், விளக்கு வெளிச்சத்தில். பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. எல்லாமே மனப்பாடம், எல்லாமே பாட்டு. கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை மூன்றும் வாயில் வர வேண்டும். கூடவே செத்த மாட்டு இறைச்சியை விடுவது, குடியை விடுவது, ஞாயிறு வேலைக்குப் போகாதிருப்பது. இவ்வளவும் ஆன பிறகே தண்ணீர். ஞானஸ்நானம் பெற்றவர் தலையில் தன் கையை வைத்து, ‘சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ’ என்று பவுலின் வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்பது அசரியா ஏற்படுத்திய வழக்கம். நேற்று சேர்ந்தவரும் இன்றைக்கே மிஷனெரி என்பது அதன் பொருள்.

இது எங்கே உடையும்? மூன்று இடத்தில். ஞாயிறு ஓய்வு என்றதும் நிலக்காரர் கூலியை நிறுத்துவார்; இரவுப் பள்ளியும் அவருக்குப் பிடிக்காது, கணக்கு படிக்கத் தெரிந்த கூலியாளிடம் கடன் பத்திரத்தில் விளையாட முடியாதல்லவா. இரண்டாவது, காலராவோ அம்மையோ வந்தால் பாதிப் பேர் கிராமத் தேவதையிடம் திரும்பிவிடுவார்கள். மூன்றாவதுதான் மோசமானது. உபதேசியார் சரியில்லை என்றாலோ, மாற்றிப்போய் அடுத்தவர் வரத் தாமதமானாலோ ஒரே வருஷத்தில் சபை கரைந்துவிடும். அதனால்தான் அசரியா தன் நேரத்தில் பெரும்பங்கை ஆள் தயாரிப்பில் செலவிட்டார். பி.ஏ. படித்தவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. கிராமத்து ஆசிரியர்களில் தேறியவர்களுக்கு தெலுங்கிலேயே பயிற்சி கொடுத்து, குடும்பத்தோடு தோர்ணக்கலில் தங்கவைத்து, குருப்பட்டம் கொடுத்தார். அவர்களுடைய மனைவிமாருக்கும் பயிற்சி உண்டு. ‘படிப்புத் தரம் குறைந்த குருமார்’ என்று வெளியே விமர்சனம் இருந்தது. ஆனால் கிராமத்துக் காணிக்கையில் ஒரு பட்டதாரிக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்ற கணக்கு அவருக்குத் தெளிவாக இருந்தது.

பணம்தான் அவருக்கு முக்கியமான இறையியல் என்றுகூடச் சொல்லிவிடலாம். கிறிஸ்தவக் காணிக்கை பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது நம்மூர்ப் பழக்கம். அறுப்பின் பண்டிகையில் தானியம், கோழி, பூசணி என்று எதைக் கொண்டுவந்தாலும் வாங்கி ஏலம் விடுவதும் அப்படித்தான். காசே புழங்காத சேரிக்கும் இந்த வழி பொருந்தும். கொடுப்பது சிறிதா பெரிதா என்பதைவிட, கொடுப்பவன் இனி பிச்சைக்காரன் இல்லை என்பது அவருக்குப் பெரிதாக இருந்தது. அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கும்தான் கிராமத்தைப் பிடித்த பேய்கள் என்று சொல்லிவந்தார். கூட்டுறவுச் சங்கம், மருந்தகம், அச்சகம் எல்லாம் இந்தப் பேய்களுக்கு எதிராக வந்தவை. கடைசிக் காலத்தில் மண்டலத்தின் கிறிஸ்தவர்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டினார்கள்.

மனைவி அன்பு மரியம்மாளை விட்டுவிட்டு இதை எழுதக் கூடாது. 1898இல் திருமணம். கல்லூரிப் படிப்பு பெற்ற தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் முந்தியவர்களுள் ஒருவர். ஆறு பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு பெண்கள் வேலையை நடத்தினார்.

தோர்ணக்கல் பேராலயம் மசூதி மாதிரி இருக்கிறதே, ஏன்? (வாசகர், கோவை)

தூரத்திலிருந்து பார்த்தால் குவிமாடம் கண்ணில் படும், அதனால் மசூதி. உள்ளே போனால் தூண்கள் கோயில் மண்டபத்தை நினைவூட்டும். வேண்டுமென்றே அப்படிக் கட்டியது. கூர்கோபுரமும் வண்ணக் கண்ணாடியும் வைத்த கோதிக் கோயில்கள் சபையை அந்நியமாகக் காட்டுகின்றன என்பது அசரியாவின் எண்ணம். பணம் சேரச் சேரத்தான் கட்டடம் ஏறியது. கால் நூற்றாண்டு இழுத்து, 1939 ஜனவரி 6இல் பிரதிஷ்டை. அது எபிபனி பண்டிகை, கிழக்கிலிருந்து சாஸ்திரிகள் பாலனைப் பார்க்க வந்த நாள். பேராலயத்தின் பெயரும் அதுவே.

காந்தியோடு அவருக்கு என்ன தகராறு? (வாசகர், சென்னை)

ஆள் மேல் ஆளுக்கு விரோதம் இல்லை, கேள்வி ஒன்றில்தான் மோதல்: சேரி முழுவதும் ஒன்றாக மதம் மாறுவது உண்மையான மாற்றமா? எழுத்தறிவில்லாத ஏழைகளைக் கூட்டமாகச் சேர்ப்பது ஆன்மிகம் ஆகாது என்று 1930களில் காந்தி ‘ஹரிஜன்’ இதழில் எழுதினார். 1935இல் அம்பேத்கர் இயோலாவில் ‘இந்துவாகச் சாகமாட்டேன்’ என்று அறிவித்த பிறகு இந்த விவாதம் சூடேறியது. ஏழைக்கும் சிந்திக்கத் தெரியும், தன் சேரி எப்படி மாறுகிறது என்று அவனுக்குக் கண் இருக்கிறது என்பது அசரியாவின் பக்கம்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று: இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு, அவர்கள் மட்டுமே வாக்களிக்கும் தனித்தொகுதி கொடுப்பதை அசரியா எதிர்த்தார். சபை ஓர் அரசியல் சாதியாகச் சுருங்கிவிடும் என்று பயந்தார். மதமாற்றத்தில் எதிரெதிர் நின்ற இரண்டு பேரும் இந்த இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபை உருவாவதற்கு ஏன் இருபத்தெட்டு வருஷம் ஆனது? (வாசகி, நாகர்கோவில்)

ஒரே வார்த்தையில் சொன்னால், ‘பிஷப்’ என்ற சொல்லால்.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள், இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். ஆங்கிலிக்கன் சபையும், பிஷப் பதவியே இல்லாத பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து 1908இல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபையும் இணைய வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அசரியா அதில் முன்னணி. மெதடிஸ்ட்டுகள் பிறகு சேர்ந்தார்கள். வேதம், விசுவாசப் பிரமாணம், ஞானஸ்நானம், நற்கருணை பற்றி அதிகச் சண்டை இல்லை. சிக்கல் இது: பிஷப் கைவைக்காமல் பட்டம் பெற்ற ஒரு காங்கிரிகேஷனல் குரு, ஆங்கிலிக்கன் பீடத்தில் நற்கருணை கொடுக்கலாமா? கூடாது என்றால் அவருக்கு மறுபடி பட்டம் தர வேண்டும். ‘அப்படியானால் இதுவரை நான் கொடுத்தது என்ன?’ என்று அவர் கேட்பார். கேட்டார்கள்.

முடிவில் எட்டிய சமரசம் சாதுரியமானது. இணைப்பு நாளில் இருக்கும் எல்லாக் குருமாரும் அப்படியே ஏற்கப்படுவார்கள், யாருக்கும் மறுபட்டம் இல்லை. அன்றிலிருந்து புதிய பட்டங்கள் எல்லாம் பிஷப் கையால் மட்டுமே. விருப்பமில்லாத சபையின் மேல் யாரையும் திணிக்கக் கூடாது. முப்பது வருஷம் கழித்து நிலைமையைப் பார்த்துக்கொள்வது. 1927இல் சபைகளின் ஒற்றுமை பற்றிய லோசான் மாநாட்டிலேயே அசரியா சொல்லிவிட்டார்: பிரிவினை மேற்கத்திய நாடுகளில் பலவீனமாக இருக்கலாம், எங்கள் நாட்டில் அது பாவமும் இடறலும்.

1945 ஜனவரியில் ஆங்கிலிக்கன் பொதுமன்றம் திட்டத்தை ஏற்றது. அசரியா அந்த மாதத்தின் முதல் நாளே போய்விட்டார். 1947 செப்டம்பர் 27, சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் இணைப்பு. அன்றே ஒன்பது புதிய பிஷப்புகள். அவருடைய சொந்த மண்டலத்திலேயே நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்கள் இதில் சேராமல் 1970கள் வரை வெளியே நின்றார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தாத்தாவின் பழைய சான்றிதழில் ‘ஈ.எச்.எம். மெட்ராஸ்’ என்று கையெழுத்து. இப்படி ஒரு பெயரா? (வாசகர், வேலூர்)

ஆங்கிலிக்கன் பிஷப் குடும்பப் பெயரை விட்டுவிட்டு மண்டலத்தின் பெயரைப் போட்டுக் கையெழுத்திடுவார். ஈ.எச்.எம். என்பது எட்வர்ட் ஹாரி மேன்ஸ்ஃபீல்ட் வாலர். முதலில் திருநெல்வேலியிலும் பிறகு 1920கள், 30களில் மெட்ராஸிலும் பிஷப். தாத்தாவின் தாள் அந்த இருபது வருஷத்துக்குள் வந்திருக்கும்.

எங்கள் ஊர்ப் பழைய பிஷப் ஒருவரின் வாழ்க்கையை எழுதுகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்? (வாசகர், பாளையங்கோட்டை)

தேதியில். நியமன அறிவிப்பு, அபிஷேகம், பேராலயத்தில் ஆசனம் ஏற்பது என்று மூன்று நாள் உண்டு, மாதக்கணக்கில் இடைவெளி இருக்கும். ஒரு நூல் ஒன்றையும் மற்றது இன்னொன்றையும் ‘பிஷப் ஆன நாள்’ என்று போட்டிருக்கும். எது எது என்று பிரித்து எழுதுங்கள். அபிஷேகம் வாழ்நாளில் ஒரே முறை. வாலர் போல மண்டலம் மாறுகிறவருக்கு இரண்டாவது அபிஷேகம் கிடையாது, இடமாற்றம் மட்டும். உதவி பிஷப்பா, மண்டல பிஷப்பா என்பதையும் பாருங்கள், கால்டுவெல் விஷயத்தில் நடந்த குழப்பம் அதனால் வந்ததுதான். 1930 மார்ச் 1க்கு முன் இந்திய ஆங்கிலிக்கன் சபை சட்டப்படி இங்கிலாந்துச் சபையின் பகுதி. அதற்குப் பின் தனிச்சபை. இந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் நியமன முறையே வேறு.

ஆவணங்களுக்கு முதலில் சேகரத்தின் (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள வட்டாரம்) ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள், பிறகு திருமண்டல அலுவலகம். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி ஆவணக் காப்பகம் பக்கத்தில் இருப்பது. சி.எம்.எஸ். கடிதங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், எஸ்.பி.ஜி. கடிதங்கள் ஆக்ஸ்ஃபோர்ட் பாட்லியன் நூலகத்தில். அட்டவணையில் தேடும்போது ஒரே பெயரோடு நின்றுவிடாதீர்கள். வி. என்பது தந்தை தாமஸ் வேதநாயகத்தின் பெயரிலிருந்து வந்தது, எஸ். சாமுவேல், ‘அசரியா’, ‘வேதநாயகம்’, ‘சாமுவேல்’ மூன்றிலும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து ஆங்கிலப் பத்திரிகைகள் பலவற்றில் அவர் பெயரே இருக்காது, ‘பிஷப் ஆஃப் தோர்ணக்கல்’ மட்டும்தான் இருக்கும். தேடலை அங்கிருந்து தொடங்குங்கள்.